ஏழாவது பேர்

இல்லை இல்லை, கேட்டதிலை ஒரு பிழையுமில்லை றோசமலரக்கா. கேக்கத்தானே வேணும். நாளைக்கு உங்கட வீட்டை மருமோளா வரப்போற பிள்ளை. என்ர பிள்ளையும் உங்கட தர்சனும் வில்லா ஜூலியாப் பூங்காப் பக்கம் ஒரு சுத்துச் சுத்திக் கதைச்சிட்டு வர எப்பிடியும் ஒரு மணித்தியாலம் செல்லும். இவர் உங்கட மனுசனைக் கூட்டிக்கொண்டு கபே குடிக்கப் போனா, போனதுதான். ஆறுதலாக் கதைக்கலாம். அதிலை இராதேங்கோ, அந்தக் கதிரைக்குக் கால் சரியில்லை. இஞ்சாலை வாங்கோ, காத்தும் வரும்.

ஆர் சொன்னது உங்களுக்கு? அமலினியோ? நினைச்சன். கத்தானியாவிலை இருக்கிற உங்களுக்குப் போன் எடுத்து எங்கட வீட்டுக் கதை சொல்ல அவளுக்கு நேரமிருக்கு. தன்ர மோள் பகேரியா போற ரெயினிலை ஆரோ கலியாணம் கட்டினவனோடை போறதைப் பாக்க நேரமில்லை. சரி, விடுங்கோ. இப்பதான் பூசை கண்டிட்டு வந்தனான்.

ஓம், சோதினை எழுதினவள். ஓம், வடக்கை, மிலானுக்கு அங்காலை. பெரிய யூனிவேர்சிற்றிதான். என்ன? தலைவருத்தமோ? விசருக்குக் குளிசை மருந்து குடிச்சவள் எண்டோ? அடி சக்கை, அதுவும் சொல்லிப்போட்டாளே! அப்ப நான் முதலிலையிருந்து சொல்லுறன் அக்கா. கேட்டிட்டு நீங்களே சொல்லுங்கோ, என்ர ஜெனுஷாவுக்கு வருத்தமோ எண்டு.

அது இப்ப ஆறு வரியத்துக்கு முந்தி. அவள் லிச்சேயோ, பள்ளிக்கூடக் கடைசி வகுப்பு, முடிக்கிற வரியம். எங்கட பிள்ளையள் எல்லாம் ஹோட்டல் படிப்பு, கணக்குப் படிப்பு எண்டு போக, இவள் கிரேக்கமும் லத்தீனும் படிச்சவள். ஒருதரும் கதைக்காத பாசையள். சனம் கோயில் வாசல்லை வைச்சுக் கேக்கும், எமிலியானா, உன்ர மோள் கிரேக்கம் படிச்சு ஆரோடை கதைக்கப் போறாள் எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? இவர் மட்டும் நெஞ்சை நிமித்திக்கொண்டு நிப்பார். என்ர மனுசன் கிறிகோரிக்கு அவள் எதைச் செய்தாலும் சரிதான்.

அப்ப அவளின்ர கிரேக்க ரீச்சர் ஒருநாள் வீட்டை வந்தவ. மெலிஞ்ச மனுசி, வெள்ளைத் தலை, கலியாணம் கட்டேல்லை. கையிலை மூண்டு நாலு புத்தகம், படம் போட்டது. சிஞ்ஞோரா, உங்கட பிள்ளையை இஞ்சை விட்டா வீணாப் போயிடும் எண்டு தொடங்கினா. என்ர குசினியிலை இருந்து, என்ர கபேயைக் குடிச்சுக்கொண்டு, என்னட்டை இருந்தா பிள்ளை வீணாப் போயிடும் எண்டு சொல்லுறா, பாருங்கோ.

அந்த யூனிவேர்சிற்றியின்ர முறை வேறை அக்கா. இஞ்சை மாதிரி பஸ் ஏறிப் போய்ப் படிச்சிட்டு வாறேல்லை. அந்த ஊர் முழுக்கக் கொலேஜ்ஜோ எண்டு இருக்கு. ஹொஸ்ரல் இல்லை, அதுக்கும் மேலை. ஒவ்வொண்டும் ஒரு அரண்மனை மாதிரி. படுக்கை, சாப்பாடு, புத்தகம், பின்னேரத்திலை தனியாப் படிப்பிக்க ஆக்கள், எல்லாம் அதுக்குள்ளைதான். யூனிவேர்சிற்றியிலை ஆரும் சேரலாமாம். கொலேஜ்ஜோதான் கஸ்ரம். அது தன்ர பிள்ளையளைத் தானே தெரிஞ்செடுக்கும். ஒவ்வொரு கொலேஜ்ஜோவுக்கும் தனிச் சோதினை, எல்லாம் ஒரே நாளிலை. அதாலை ஒண்டைத்தான் நீங்கள் தெரிஞ்செடுக்கலாம். அதிலை விட்டா அந்த வரியம் இல்லை.

நான் அந்தப் படங்களைப் பார்த்தன். அதிலை ஒண்டு கன்னியாஸ்திரிமாரின்ர. சாந்தா ஆகதா எண்டு பேர். உங்கட கத்தானியாப் புனிதை ஆகதம்மாதான். பொம்பிளைப் பிள்ளையள் மட்டும், பத்து மணிக்குக் கேற் பூட்டு, காலமை பூசை. இதுக்கெண்டாப் போ எண்டன். எனக்குத் தூரம் பிரச்சினை இல்லையக்கா. நானே பத்தொன்பது வயசிலை ஊரிலை பேசாலையிலையிருந்து தனியா வெளிக்கிட்டு வந்தனான். ஆனா ஒரு பிள்ளையை அனுப்பேக்கை அதைப் பாக்க ஒரு கண் வேணும். கன்னியாஸ்திரிமார் பாப்பினம்.

அவளுக்குப் பிடிச்சது மற்றது. பழையது. ஐந்நூறு வரியமாம், நடுவிலை முற்றம், சுத்திவரத் தூண். ஆம்பிளையளும் பொம்பிளையளும் ஒண்டாய். அங்கை ஒரு லைபிரரி இருக்காம், கையாலை எழுதின புத்தகங்கள் இருக்காம். ஒரு பேராசிரியர் இருக்கிறாராம், அவரிட்டைப் படிக்கத்தான் சனம் அடிபட்டுக்கொண்டு வருமாம். எங்களை மாதிரிக் காசில்லாத வீட்டுப் பிள்ளையளுக்கு ஆறு இடம் சும்மா குடுக்கினமாம். ஆறே ஆறு. இத்தாலி முழுக்கவும் இருந்து வாறதுக்குள்ளை ஆறு. அம்மா, கட்டிடத்தைப் பார்த்துத் தெரிஞ்செடுக்கிறேல்லை, ஆர் படிப்பிக்கினம் எண்டு பார்த்துத்தான் எடுக்கிறது எண்டு எனக்கு வகுப்பு எடுத்தாள்.

நான் ஒரே சொல்லிலை சொன்னன். சாந்தா ஆகதா எண்டாப் போ, இல்லாட்டி இஞ்சையே இரு. அவள் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைச்சிருந்தாள். மூண்டாம் நாள் வந்து, சரியம்மா, சாந்தா ஆகதாவுக்கே போட்டிட்டன் எண்டாள். நான் போய் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்.

செப்ரெம்பர் முதல் கிழமை சோதினை. இவருக்கு லீவில்லை, நான் கூட்டிக்கொண்டு போனன். நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவிட்டை மூண்டு நாள் லீவு கேட்டு எடுத்தது. மிலானுக்குப் பிளேன், பிறகு சின்ன ரெயின். எழுத்துச் சோதினைக்கு ஏதோ பொது மண்டபத்துக்குப் போனாள், நான் வெளியிலை வாங்கிலை இருந்தன். ரெண்டாம் நாள் நேரிலை கேள்வி கேக்கிறது, கொலேஜ்ஜோவிலையே. நான் நல்ல சட்டையொண்டு போட்டுக்கொண்டு, கன்னியாஸ்திரிமாருக்குக் குடுக்க எண்டு பேசாலை மாதாவின்ர படமொண்டும் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு போறன். போய் நிண்டா, முன்னுக்கு ஒரு பெரிய வாசல். பெடியளும் பெட்டையளும் படியிலை இருந்து சிகரெட் பத்துதுகள். நடுவிலை முற்றம், சுத்திவரத் தூண்.

ஓம் அக்கா. பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திட்டாள்.

நான் அதிலையே நிண்டன். அவள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, அம்மா, இண்டைக்கு மட்டும், பிளீஸ் அம்மா, பிறகு எவ்வளவும் அடியுங்கோ எண்டாள். மற்றத் தாய் தேப்பன்மார் பாக்கினம். நான் உள்ளை போனன்.

அதுக்காகத்தான் எண்டு நினைக்காதேங்கோ. பிள்ளையள் பொய் சொல்லுங்கள்தான். உங்கட தர்சன் சொல்லாத பொய்யோ? அது பெரிய விசயமில்லை. பிறகு நடந்ததைத்தான் சொல்ல வாறன்.

நீளக் கொறிடோர் ஒண்டு. தாய் தேப்பன்மார் கதிரையளிலை. எனக்குப் பக்கத்திலை ஒரு அவ்வொகாத்தோ, இந்த ஊர் லோயர், நல்ல சப்பாத்து. அங்காலை ஒரு டொக்ரர் மனுசி. இவளின்ர பேரைக் கூப்பிட்டாங்கள், போனாள். நல்ல வெக்கை, கதவை முழுசாச் சாத்தேல்லை. உள்ளை அஞ்சு பேர் மேசைக்குப் பின்னாலை. எல்லாம் கேக்குது. எனக்கு வந்த நேரத்திலை இத்தாலியன் தெரியாதுதான். ஆனா அப்ப நான் வந்து இருவத்திரண்டு வரியம். எல்லாம் விளங்கும் அக்கா. அவங்கள் மெல்லமாக் கதைச்சாலும் விளங்கும்.

ஒரு கிழவன் கேக்கிறான், ஏன் பிள்ளை நீ பழைய பாசையளைப் படிக்க வேணும் எண்டு. இவள் சொன்னாள், எங்கட வீட்டிலை வாசிக்கிற ஆள் நான்தான் எண்டு. என்ர அம்மாவுக்கு எழுதத் தெரியாது, ஏழு வயசிலையிருந்து எல்லாக் கடதாசியும் நான்தான் எண்டு. பொலிஸ் கெஸ்தூராக் கடிதம், இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ, வீட்டுக்காரன்ர கடிதம், எல்லாம்.

எனக்கு எழுதத் தெரியாதாம். நான் ஓ எல் சோதினையிலை தமிழுக்கு டி எடுத்தனான் அக்கா. டிஸ்ரிங்சன். என்ர எழுத்தைப் பார்த்துத்தான் பேசாலைக் கோயில்லை பாட்டுக் கொப்பி எழுதத் தந்தவை. இத்தாலியன் எழுதத் தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம். அவள் அப்பிடிச் சொல்லேல்லை. எழுதத் தெரியாது எண்டுதான் சொன்னவள். அந்த லோயர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான்.

பொறுங்கோ, அதோடை நிக்கேல்லை. பிறகு சொன்னாள், எனக்கு எட்டு வயசிலை அம்மாவோடை ஆஸ்பத்திரிக்குப் போனனான் எண்டு. அம்மாவின்ர வயித்திலை தம்பி இருந்தவன் எண்டு.

இதை நான் ஒருதருக்கும் சொன்னதில்லை. என்ர உடன்பிறந்தவளுக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன். ஏழு மாசம். இவர் வேலையிலை, விடமாட்டம் எண்டாங்கள். நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனன். படம் பிடிச்சுப் பார்த்திட்டு டொக்ரர் என்னோடை கதைக்கிறான், எனக்கு விளங்கேல்லை. எனக்கு அந்த நேரம் தெரிஞ்சது வாளி, தும்புத்தடி, இஸ்திரிப்பெட்டி, ஓம் சிஞ்ஞோரா, அவ்வளவுதான். அவன் குனிஞ்சு பிள்ளைக்குச் சொன்னான். பிள்ளை என்னைப் பாக்குது. டொக்ரரைப் பாக்குது. வாயைத் திறக்குது, மூடுது. பிறகு சொல்லுது, அம்மா, தம்பியின்ர நெஞ்சு அடிக்கிறேல்லையாம் எண்டு.

நான் அவளுக்கு அடிச்சன் அக்கா. அந்த இடத்திலையே, கன்னத்திலை. அவள் அழேல்லை. டொக்ரர்தான் பயந்து போனான்.

அந்தக் கதையைத்தான் அந்த அஞ்சு பேருக்கும் சொல்லுறாள். வடிவாச் சொல்லுறாள், நிறுத்தி நிறுத்தி. அண்டைக்கு நான் சரியான சொல்லைத் தேடிக்கொண்டு நிண்டனான், பிழையான சொல்லைச் சொன்னா தம்பி செத்துப்போவான், சரியானதைச் சொன்னா இருப்பான் எண்டு நினைச்சனான், ஒரு பாசையிலையிருந்து மற்றப் பாசைக்கு ஒரு சொல்லைக் கொண்டு போறது எவ்வளவு பாரம் எண்டு எனக்கு அண்டைக்குத் தெரியும், அதாலைதான் படிக்க வேணும் எண்டாள். ஒரு பொம்பிளை கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைக்கிறது எனக்குத் தெரியுது. நான் அடிச்சதை அவள் சொல்லேல்லை. அது அவளின்ர நல்ல குணம், நான் இல்லையெண்டு சொல்லமாட்டன்.

கொறிடோரிலை இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கு. அந்த டொக்ரர் மனுசி எழும்பி வந்து, என்ர தோளிலை கையை வைச்சுத் தடவுறா. முன்னைப் பின்னைத் தெரியாத மனுசி. தெரு நாயைத் தடவுற மாதிரி.

என்ர பிள்ளையை நான் பெட்டியிலை வைச்சுத் தாட்டனான். பேர் வைச்சனான், அது இவருக்கும் தெரியாது. அதைக் கொண்டு போய் அந்த மேசையிலை வைச்சு, இந்தாங்கோ, இதுக்கு எனக்கொரு கட்டில் தாங்கோ எண்டு கேக்கிறாள். நீங்களும் ஒரு தாய். சொல்லுங்கோ.

ஓம், சின்னப் பிள்ளைதான். பத்தொன்பது வயசு. அவளுக்கும் அது நடந்ததுதான், நீங்கள் சொல்லுறது சரி. இவரும் கேள்விப்பட்டிருந்தா அப்பிடித்தான் சொல்லியிருப்பார்.

வெளியிலை வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. நல்லாச் செய்தன் அம்மா எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சாள். ரெயினுக்குப் போற வழியிலை எனக்குப் பிஸ்தாஷ் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தாள். நான் சாப்பிட்டன்.

பத்து நாளாலை றிசல்ற். கொம்பியூட்டரிலை பேர் வரிசை போட்டிருந்தாங்கள். இவள் ஏழாவது.

ஓம் அக்கா, இடம் ஆறு. இவள் ஏழு.

அதோடை படுத்தவள்தான். சாப்பிடேல்லை, குளிக்கேல்லை. ரீச்சர் போன் எடுத்தா, கதைக்கேல்லை. அந்தக் கிழமை நான் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போகேக்கை இவளின்ர போனை வியா றோமாத் தெருவிலை பஸ்ஸுக்குள்ளை ஆரோ களவெடுத்திட்டாங்கள். வேறை வாங்குவம் எண்டு இவர் கேட்டார், எனக்கு ஆரோடை கதைக்க எண்டு கேட்டாள். அந்தப் பெரிய கிரேக்க டிக்சனரி, தலைக்கு வைச்சுப் படுக்கலாம், அவ்வளவு மொத்தம், அதைக் கீழ் வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்திட்டாள். இவர் குளிக்கிற அறைக்குள்ளை தண்ணியைத் திறந்து விட்டிட்டு நிண்டு அழுதார். நான் அழேல்லை. அமலினி கண்டது அந்த நேரம்தான். கோயிலுக்கு வரேக்கை ஒருக்கா வாடினாப்போலை நிண்டிருப்பாள், அதை வைச்சுத் தலைவருத்தம், குளிசை எண்டு கதை கட்டிப்போட்டாள். ஒரு குளிசையும் குடுக்கேல்லை. சத்தியமா. டொக்ரரிட்டை இவர் கூட்டிக்கொண்டு போகப் போறன் எண்டு நிண்டவர், நான்தான் விடேல்லை. டொக்ரரிட்டைப் போனா எழுத்திலை விழுந்திடும். பிறகு உங்களை மாதிரி ஆக்கள் வந்து கேக்கேக்கை என்ன சொல்லுறது?

இப்ப பாத்தனிங்கள்தானே. எப்பிடி இருக்கிறாள்? மாமி வாங்கோ எண்டாள், தட்டைக் கொண்டுவந்து வைச்சாள், உங்கட மனுசனுக்குச் சீனி எவ்வளவு எண்டு கேட்டாள். அதுக்கு மேலை ஒரு சொல்லு? வாறதுக்குமில்லை, போறதுக்குமில்லை. வியா லிபெர்த்தாவிலை ஒரு கிழட்டு லோயரைப் பாக்கிறாள், அஞ்சு வரியமா. திருப்பிப் படுக்க வைக்கிறது, கழுவுறது, தீத்துறது. அந்த மனுசனுக்கு இவள் இல்லாட்டிச் சரிவராது. நீ போ எண்டா போவாள், இரு எண்டா இருப்பாள். தர்சன் அவளோடை நல்லாக் காலந்தள்ளலாம். முந்தி இருந்தவள் எண்டா நானே உங்களுக்குச் சொல்லியிருப்பன், அக்கா, வேண்டாம், உங்கட மகன் தாங்கமாட்டான் எண்டு. எல்லாத்துக்கும் ஒரு பதில் வைச்சிருந்தவள்.

அது சரி, மூளை விசயமோ? இல்லையில்லை, சோதினையிலை தோத்தவள் எண்டு நீங்கள் அப்பிடி நினைக்கப்படாது. உங்கட பேரப்பிள்ளையளுக்கு மூளைக்குக் குறைவிராது. அதுக்கு நான் பொறுப்பு. ஏனெண்டா அவள் தோக்கேல்லையே.

ஏழாவதுதான். பிறகு கூப்பிட்டவங்கள்தானே.

ஓம். ரெண்டு கிழமையாலை. நான் சிஞ்ஞோரா வீட்டிலை சேட் அயர்ன் பண்ணிக்கொண்டு நிக்கிறன், வடக்கு நம்பர் ஒண்டு. கொலேஜ்ஜோ ஒபிஸிலையிருந்து ஒரு பொம்பிளை. உங்கட மகளின்ர நம்பர் வேலை செய்யேல்லை, மெயிலும் திரும்பி வருது எண்டாள். அது பள்ளிக்கூடம் குடுத்த மெயில், பள்ளிக்கூடம் முடிஞ்சவுடனை அவங்கள் பூட்டிப்போட்டாங்கள். விண்ணப்பப் போமிலை ரெண்டாவது நம்பரா என்ரயைக் குடுத்திருந்திருக்கிறாள். சிஞ்ஞோரா, நல்ல செய்தி எண்டாள் அந்தப் பொம்பிளை. ஆறு பேரிலை ஒருத்தி வேறை இடம் போறாளாம். அந்த இடம் ஜெனுஷாவுக்கு. நாளையிண்டைக்கு மத்தியானத்துக்குள்ளை வாறன் எண்டு எழுதவேணும். மறுமொழி இல்லாட்டி வீட்டுக்கு ரிஜிஸ்ரர் கடிதம் போடுவினம். சந்தோசமாச் சொன்னாள், தன்ர பிள்ளைக்குக் கிடைச்ச மாதிரி. நான், சரி, சொல்லுறன் எண்டன்.

சொல்லத்தான் வீட்டை வந்தனான். நம்புங்கோ. படி ஏறி வரேக்கை வாய்க்குள்ளை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தனான். அறைக் கதவைத் திறந்தன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். ஜெனுஷா, எழும்பு பிள்ளை, ஒரு கதை சொல்லவேணும் எண்டன். அவள் திரும்பேல்லை. கதவைச் சாத்துங்கோ அம்மா, உங்களுக்கு இதொண்டும் விளங்காது எண்டாள்.

நான் சாத்தினன்.

ஆனா சும்மா விடேலாது அக்கா. ரிஜிஸ்ரர் கடிதம் வந்தா அவள்தானே உடைக்கிறது, எங்கட வீட்டிலை எல்லாக் கடிதமும் அவள்தானே. அப்ப வேண்டாம் எண்டு எழுத்திலை போகவேணும். எனக்கு இத்தாலியன் எழுதத் தெரியாது. ஆரிட்டைக் கேக்கிறது? வேறை ஆரிட்டைக் கேட்டாலும் ஊருக்குத் தெரிஞ்சிடும்.

அடுத்தநாள் காலமை அவளுக்குப் பால் கொண்டுபோய்க் குடுத்திட்டுக் கேட்டன். பிள்ளை, கோயிலுக்கு வாற துஷாந்திக்கு ஒரு கோர்ஸிலை இடம் கிடைச்சது, இப்ப மனுசன் லண்டனுக்குக் கூப்பிடுறான், அந்த இடம் வேண்டாம் எண்டு மரியாதையா ஒரு கடிதம் எழுதிக் குடு எண்டன். பேருக்கும் இடத்தின்ர பேருக்கும் வெறுமையா விடு, அவள் நிரப்புவாள் எண்டன். எழும்பி இருந்தாள். ரெண்டு கிழமைக்குப் பிறகு அண்டைக்குத்தான் தானா எழும்பி இருந்தாள். கிடைச்ச இடத்தை வேண்டாமெண்டு விடுறாவோ, விசர் மனுசி எண்டாள். பேனை எடுத்தாள். ஒருக்கா எழுதி, வெட்டி, திரும்ப வேறை கடதாசியிலை வடிவா எழுதினாள். எனக்கு வாசிச்சுத் தமிழிலையும் சொன்னாள். எனக்கு ஒதுக்கின இடத்தை என்ர முழு விருப்பத்தோடை விட்டுக்குடுக்கிறன், என்னை நினைச்சு ஒரு இடம் வைச்சதுக்கு நன்றி, எனக்குப் பின்னாலை காத்து நிக்கிற ஆளுக்கு அது போகட்டும், அவ என்னைவிடச் சந்தோசமா இருப்பா எண்டு. கடைசி வசனத்தை நான் சொல்லேல்லை. அவளாச் சேத்தது.

பேரை நான் நிரப்பினன். பார்த்து எழுத எனக்கு வரும். கையெழுத்து அவளின்ர அடையாள அட்டையைப் பார்த்துப் போட்டன். சின்னனிலை பள்ளிக்கூடக் கடதாசி எத்தினையிலை என்ர கையெழுத்தை அவள் போட்டிருப்பாள், நான் அவளின்ரயை ஒருக்காத்தானே. வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஒரு பங்களாதேஷ்காரன்ர கடை இருக்கு, பாஸ்போட் கொப்பியெல்லாம் அனுப்புவான். அவனிட்டைக் குடுத்து மெயில் பண்ணுவிச்சன். அவன் வாசிக்கவும் இல்லை.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? இவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நீங்களும் அதுகளிட்டைச் சொல்லப்படாது. மூளை இல்லை எண்டு நினைச்சிடுவியள் எண்டுதான் உங்களுக்குச் சொன்னனான். இல்லாட்டி ஏன் சொல்லுறன்?

பின்னேரம் அந்தப் பொம்பிளை திரும்ப எடுத்தாள். கடிதம் வந்தது, கவலையா இருக்கு எண்டாள். எத்தினையோ வரியமா இந்த வேலை பாக்கிறன், இவ்வளவு வடிவா எழுதின கடிதம் ஒண்டு நான் பாக்கேல்லை, மகளிட்டைச் சொல்லுங்கோ எண்டாள்.

சொன்னனான். சொல்லாமல் விடுவனே? துஷாந்தியின்ர கடிதத்தைப் பார்த்திட்டு அந்த ஒபிஸ் பொம்பிளை, ஆர் எழுதினது, இவ்வளவு வடிவா இருக்கு எண்டு கேட்டவவாம் எண்டு சொன்னன். உண்மையாவோ அம்மா எண்டாள். ஓமடி எண்டன். சிரிச்சாள் அக்கா. றிசல்ற் வந்தாப் பிறகு அண்டைக்குத்தான் முதல்முதல் சிரிச்சவள். பிறகு எழும்பிப் போய்க் குளிச்சு, சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

சரி, அது முடிஞ்ச கதை. சுவாமியிட்டைச் சொல்லிக் கலியாணத்தை மூண்டு ஞாயிறு கோயில்லை அறிவிக்க வேணும். ஓகஸ்ட் கடைசி உங்களுக்குச் சரிவருமோ?